முடியாத வண்டி

பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். போர்வெல் போடும் அந்த லாரியோடு அவர் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பிவிடுவார். மாதக்கணக்கில் வீட்டில் நானும் மகளும்தான். போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். குழாய் நழுவி யாருக்கோ கை போய்விட்டது என்பார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் வண்டியை மடக்கி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். என்ன இருந்தாலும் அந்தப் பயம் தொலைவில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மூன்று மாநிலங்கள் இருந்தன. அது வீட்டுக்கே வந்து, சமையலறை ஜன்னலுக்கு எதிரில் இருக்கும் தகரக் கொட்டகையில் குடியேறியது, அவர் அந்தப் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பு அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. சேலத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கனமான எதையும் தூக்கக் கூடாது, மூச்சு வாங்குகிற வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கடைசியாக, கோபப்படக் கூடாது என்றார். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கோபப்படாமல் ஒரு தோசை சாப்பிட்டதில்லை.

ரிக் வண்டிகளை விற்றாயிற்று. காலையில் எழுந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடும், அவர் அதைப் பார்க்கமாட்டார். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுவார். இப்படியே போனால் மனுஷன் பித்துப் பிடித்துப்போவார் என்று பயந்து, எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று நான்தான் விரட்டினேன். தம்மம்பட்டியில் தூரத்து உறவில் ஒரு சாவு. துக்கம் கேட்கப் போனவர், மறுநாள் ஒரு லாரியோடு வந்து இறங்கினார். லாரியின் மேல் ஒரு அம்பாசிடர் கார் இருந்தது.

கார் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். யாரோ ஒருவருடைய மக்காச்சோளக் கொட்டகையில் பல வருடம் கிடந்ததாம். பின் சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் அப்படியே இருந்தது. கதவைத் தொட்டால் துரு கையோடு வந்தது. முன் விளக்கில் ஒன்று இல்லை.

“இதென்னுங்க மாமா?”

“காரு, அம்மிணி.”

“அது தெரியுதுங்க. எதுக்குன்னு கேக்கறேன்.”

“ஓட்டறதுக்குத்தான். தை பொறந்தா ஓடும் பாரு.”

எந்தத் தை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது, அதை ஊதி அணைக்க மனம் வரவில்லை. ஒன்று மட்டும் வாயால் சொல்லச் சொன்னேன்: எதையும் தூக்கமாட்டேன், அடியில் படுக்கமாட்டேன். “நான் எதுக்குப் படுக்கறேன்? மெக்கானிக்கு செய்வாரு. நான் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பாத்துக்குவேன்” என்றார்.

மெக்கானிக் சங்ககிரிக்காரர். என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். நல்ல கைவேலைக்காரர், ஆனால் அவர் வாயில் வரும் ஒரே வார்த்தை “ஆயிப்போச்சுங்க”. ரேடியேட்டர் என்னாயிற்று என்றால் ஆயிப்போச்சுங்க. டைனமோ? அதுவும் ஆயிப்போச்சுங்க. அப்படியென்றால் இன்னும் தொடவேயில்லை என்று பொருள். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அவர் வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், சேர் காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு கதவைச் சாத்தியபோது கடைசியாக நான் பார்த்தது அந்தப் பாதங்களைத்தான். அதனால் அடுப்பில் என்ன இருந்தாலும் என் கண் ஜன்னலில்தான் இருக்கும். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் சரி. சத்தம் நின்றால் என் கை நின்றுவிடும். “ஏனுங்க!” என்று கூப்பிடுவேன். அடியிலிருந்து “ம்” என்று வரும். அந்த “ம்” வந்தால்தான் வெங்காயத்தை மேற்கொண்டு நறுக்குவேன். சில சமயம் “ம்” வரத் தாமதமாகும். அப்போது நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது. கரண்டியும் கையுமாக ஓடிப்போய் நின்றால், வாயில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டு என்னை முறைப்பார். ஜாக்கி நழுவுமோ, நெஞ்சு நிற்குமோ, எது முந்தும் என்று தெரியாமல் நான் அந்த வருடத்தில் பாதி எடை இறங்கிவிட்டேன். மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, “அம்மா, டயட்டா?” என்று கேட்டாள்.

வண்டியின் சங்கதி நாளொரு தடங்கலாகப் போனது. எஞ்சினைப் பிரித்தால் உள்ளே விரிசல். வேறு எஞ்சினுக்காகச் சேலத்தில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பாயிடம் சொல்லி வைத்தோம். நல்ல மனுஷர், எங்கெங்கோ தேடி ஒன்றை அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் அது வேறு மாடல். திருப்பி அனுப்பி, அடுத்தது வருவதற்குள் தை பிறந்து, மாசி பிறந்து, பங்குனியும் வந்துவிட்டது. தகடு தட்டி நிமிர்த்துகிறவர் ஜலகண்டாபுரத்துக்காரர். முன் பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. போன் செய்தால், “கோயிலுக்குக் காப்புக் கட்டிட்டனுங்க. நோம்பி முடியற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டப்படாதுங்க” என்றார். சாமி காரியம், மறுபேச்சு பேச முடியாது. எல்லை தாண்டாமல் போனிலேயே தகடு தட்ட முடியுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்கும்போது கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

அந்த நரம்புதான் எனக்கு எமன். ஒவ்வொரு தடங்கலுக்கும் அது எழும்பும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நான் முந்தானையில் முடிந்தே வைத்திருந்தேன்; குளிக்கப் போகும்போதுகூட அவிழ்த்ததில்லை. பிறகு நானே ஓர் உபாயம் கண்டுபிடித்தேன். கெட்ட செய்தி எதுவானாலும் முதலில் என் போனுக்குச் சொல்லுங்கள் என்று பாயிடமும் மெக்கானிக்கிடமும் சொல்லிவைத்தேன். அவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, முகம் தெளிந்திருக்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுவேன். ரசம் ஊற்றும்போது, “பாய் பேசினாருங்க” என்பேன். மோருக்கு வரும்போதுதான், “அந்தச் சாமான் இன்னுங் கெடைக்கலியாமா” என்பேன். அப்படியும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு. ஒரு பழைய இரும்பு என் புருஷனை வாங்கிக்கொண்டு போகப்போகிறது என்று எனக்கு அப்போது உறுதியாகவே தோன்றியது.

விசித்திரம் என்னவென்றால், தடங்கல்கள் தீர்ந்துபோன பிறகும் அவர் கோபம் தீரவில்லை. நோம்பி முடிந்து தகடு தட்டுகிறவர் வந்தார். எஞ்சின் வந்து உட்கார்ந்து, ஒரு மத்தியானம் ஸ்டார்ட்டும் ஆனது. வண்டிக்குப் பால் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். அப்படி ஒரு வழவழப்பு. என் முகம் அதில் தெரிந்தது. மெக்கானிக் பெருமையோடு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் வண்டியை மெதுவாகச் சுற்றி வந்தார். பின்பக்கம் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

“இது செரியில்ல. சொரண்டிப்போட்டு மறுக்கா அடிங்க” என்றார்.

“ஏனுங்ணா, எங்கீங்க செரியில்ல?”

“சொன்னாச் செய்யுங்க!”

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதவள் பேசக் கூடாது என்று சும்மா இருந்தேன். மழை நேரத்தில் சுரண்டி, மழை நேரத்திலேயே மறுபடி அடித்து, அது கொப்புளம் விட்டு, மூன்றாம் முறையும் அடிக்க வேண்டியதாயிற்று. அடுத்து சீட்டுத் துணி பிடிக்கவில்லை என்று பிரித்தார். அதன் பிறகு ஹாரன். மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, அண்ணனுக்கு மனசுல ஏதாச்சுங்களா?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். இந்தப் புதுத் தாமதங்களில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. வண்டி ஓடவில்லையே என்று கோபித்துக் கோபித்தே போய்விடுவாரோ என்பது ஒரு பயம். ஓடிவிட்டால், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நடுரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்பது இன்னொரு பயம். ஒன்று குறைந்தால் மற்றது ஏறும். தராசுத் தட்டு இரண்டிலும் என் உயிர்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மகள் லீவில் வந்தாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், எதையும் நேராகக் கேட்பவள். கொட்டகைக்குள் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள், ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாள்.

“அப்பா, எல்லாம் ரெடியாத்தானுங்களே இருக்குது? அப்பறம் ஏன் நிக்குது?”

அவர், பிரேக்கு மட்டும் பாக்கி என்று முணுமுணுத்தார். அவள் காலண்டரைப் புரட்டி வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளைப் பிடித்தாள். “நான் போறதுக்குள்ள மலைக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டர்லாம்” என்றாள். எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். ரிக் வண்டியானாலும் மொபெட்டானாலும், முதலில் மலைப்பாதை ஏறி, கோயில் வாசலில் நின்று, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும். அவர் மறுக்கவில்லை. மறுக்க ஒரு காரணம் தேடுகிற மாதிரி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பிரேக்குக்குப் புது ரப்பர்கள் எல்லாம் போட்டார். “ஆயிப்போச்சுங்க” என்று சொல்லிவிட்டு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை இவர் பெடலை மிதித்துப் பார்த்தால் குழாயில் காற்றுப் பிடித்திருந்தது, கால் தரைவரை போனது. காற்றை எடுக்க எடுக்க பிரேக் ஆயில் தீர்ந்துகொண்டே வந்தது. வாங்கி வைத்த பாட்டில் காலி. கடைகள் பூட்டு. விடிந்தால் முகூர்த்தம். மகள் வாசலில் நின்று, “ஆச்சுங்களாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொட்டகை மூலையில் ரிக் வண்டிக் காலத்து டின் ஒன்று மிச்சமிருந்தது. அதைத் துடைத்து எடுத்துவந்தார். நான்தான் புனலைப் பிடித்தேன்.

“இது ரிக்கு ஆயிலுங்களே?”

“காரு பிரேக்கு ஹைட்ராலிக் பிரேக்கு. இது ஹைட்ராலிக் ஆயிலு. இதுல என்ன சந்தேகம் அம்மிணி?”

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாறாக ஒரு தைரியம் வந்தது. எங்களுக்குச் சோறு போட்ட எண்ணெய் அது. அவ்வளவு பெரிய ரிக் கோபுரத்தையே தூக்கி நிறுத்துகிற எண்ணெய், ஒரு சின்னக் காரை நிறுத்தாதா? ஊற்றி முடித்து, காற்றெடுத்து, கொட்டகைக்கும் கேட்டுக்குமாக ஓட்டிப் பார்த்தார். பெடல் கச்சிதமாக நின்றது. அதோடு மூடியைத் திருகி வைத்துவிட்டார்.

முகூர்த்த நாள் காலையில் அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். முன் சீட்டு ஒரே நீளம், நான் பக்கத்தில். மகள் ஸ்கூட்டரில் முன்னால் போய்ப் போய் நின்று வீடியோ எடுத்தாள். ஊருக்குள் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மலைப்பாதை தொடங்கியதும் வண்டி திணறியது. யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுக்கிற மாதிரி முக்கி முக்கி ஏறியது. ஒரு தீய்ந்த வாடை வந்தது. கேட்டதற்கு, புதுப் பெயின்ட், வெயில் பட்டால் அப்படித்தான் என்றார். அவர் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. நான் முந்தானை முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மேலே மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி அந்தப் பழத்தின் மேல் ஏறவே மறுத்தது. இவர் எஞ்சினை உறும வைத்து ஒரு வழியாக நசுக்கினார். மகள், “நான் முன்னாடி போயி ஆலாத்தி கரைச்சு வெக்கறேன்” என்று ஸ்கூட்டரில் இறங்கிப் போய்விட்டாள். அவள் எங்களுக்கு முன்னால் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்கும்.

முதல் வளைவில் வண்டி நின்று நிதானமாகத் திரும்பியது. அதைத் தாண்டியதும் பாதை நேராகச் சரிகிறது. அவர் கால் பெடலை மிதிப்பதைப் பார்த்தேன். வண்டி வேகம் குறையவில்லை. மறுபடி மிதித்தார். இரண்டு காலையும் சேர்த்து மிதித்தார். முகம் வெளிறிப்போய், உதடு உள்ளே மடங்கியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். வந்துவிட்டது, நான் ஒரு வருடமாகக் காத்திருந்தது வந்தேவிட்டது என்று நினைத்தேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, மாத்திரையை எடுத்து அவர் வாய்க்குள் திணித்தேன்.

“நாக்குக்கு அடியில வெய்ங்க மாமா! வெய்ங்க!”

தூவென்று துப்பினார். “எனக்கு ஒண்ணுமில்ல அம்மிணி! வண்டிக்குத்தான்! பிரேக்கு புடிக்கல!”

அப்போதுதான் நான் ரோட்டைப் பார்த்தேன். கீழே அடுத்த வளைவு ஏறி வந்துகொண்டிருந்தது. அங்கே பூக்கூடையோடு இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். நான் கத்தினேனா என்று தெரியாது. அவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். நாலு முறை மாற்றிய ஹாரன், ஊரையே எழுப்பும் சத்தம். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சுவரேறினார்கள். அவர் கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. ஒரு கையால் கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு, மறு கையால் வண்டியை மலைப் பக்கமாகவே சாய்த்தார். என் பக்கத்துக் கதவு பாறையில் உராய்ந்தது. கண்ணுக்கு எதிரிலேயே அந்தப் பால் நிறம் வழிந்து போனது. நான் அவர் பக்கம் ஒண்டிக்கொண்டேன். பாதை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் ஒன்றில் முன் சக்கரம் ஏறி, வண்டி உட்கார்ந்தது.

சக்கரங்களிலிருந்து புகை வந்தது. வண்டிக்குப் போட்ட மாலையில் ஒரு பூ மிச்சமில்லை. பூக்காரப் பெண்கள் ஓடிவந்து பார்த்து, அடிபடவில்லை என்று தெரிந்ததும் எங்களை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் ஸ்டீரிங்கை விடவில்லை. தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

“நெஞ்சு வலிக்குதுங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“பயம், அம்மிணி.”

“நின்னு போச்சுங்க. ஒண்ணுமாகல.”

“இப்ப வந்த பயமில்ல.” முகத்தைத் திருப்பாமலேயே பேசினார். “ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்தே பயம். படுத்தா எந்திரிப்பனான்னு பயம். சும்மா உக்காந்தா இன்னைக்குத்தானோன்னு பயம். இந்த வண்டிய எடுத்ததுக்கப்பறம் ஒரு நெனப்பு. இது முடியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. பாதி வேலைல ஆண்டவன் கூப்புட மாட்டான்னு.”



“அப்ப அந்தப் பெயின்ட்டு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லா இருந்தத எதுக்குங்க சொரண்டச் சொன்னீங்க?”

“முடிஞ்சு போயிருமில்ல” என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பாதையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அவரை ஒரு பிடி பிடித்தேன். “நான் ஒருத்தி ஜன்னல்ல நின்னு வருசம் பூரா செத்துப் பொழைக்கறேன். நீங்க அடியில படுத்துக்கிட்டு அதையேதான் பண்ணிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?”

“நீ பயந்துக்குவியேன்னுதான்” என்றார்.

அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு பேர் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம். கோபமாகக் கத்தியதில் பாதி, பயத்தை மூடிவைக்கப் போட்ட சத்தம்தான் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர் கை ஜில்லென்றிருந்தது. மெக்கானிக் வரும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் கல்யாண வீட்டுச் சட்டையோடு வந்தார். சக்கரத்தைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சின்ன ரப்பரை எடுத்துக் காட்டினார். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

“ஏனுங்ணா, என்ன ஆயில் ஊத்துனீங்க?”

“கொறைக்கு ரிக்கு ஆயிலு.”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ சாமி! பிரேக் ஆயிலுன்னு பேருதானுங்க ஆயிலு. அதுல எண்ணெயே கெடையாதுங்க. எண்ணெ பட்டா இந்த ரப்பரு இப்பிடித்தான் ஊதிக்கும். மிதிச்சது திரும்பாது. பிரேக்கு புடிச்சமேனிக்கே ஓடிச் சூடாகி, கடைசில புடிக்காமயே போயிருமுங்க.” பிறகு குரலை இறக்கி, “நானே தொழிலுக்கு வந்த புதுசுல இதே சோலியப் பண்ணி ஒதை வாங்கியிருக்கறேன்” என்றார். லாரியும் ரிக்கும் ஓடுகிற ஊரில் எண்ணெய் என்றால் எண்ணெய்தான்; பெயரை நம்பி உயிரை வைத்திருக்கிறோம்.

“எல்லா ரப்பரையும் மாத்தோணுமுங்க. பைப்பு பூராக் கழுவோணும். சாமான் சேலத்துல இருந்து வரோணும். கதவு வேற தட்டோணும். நாளாகுமுங்கண்ணா” என்றார் மெக்கானிக். பழக்கதோஷத்தில் நான் என் வீட்டுக்காரர் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு எழவில்லை.

“ஆகட்டும். மெதுவாப் பண்ணுங்க” என்றார்.

மகளிடம் பிரேக் விஷயத்தை மட்டும் சொன்னோம். மற்றதைச் சொல்லவில்லை. அவள் அப்பாவை ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, ஆலாத்தியை எங்கள் இரண்டு பேருக்கும் சுற்றிக் கொட்டினாள். லீவு முடிந்து போய்விட்டாள்.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்; எவ்வளவு நாளைக்கு என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் இப்போது அவர் தூங்கப் பயந்தால் என்னை எழுப்பிச் சொல்கிறார். நான் “எனக்கும்தானுங்க” என்கிறேன். அப்படியே பேசிக்கொண்டிருந்து தூங்கிப்போகிறோம்.

சேலத்திலிருந்து சாமான்கள் இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டன. தகடு தட்டுகிறவருக்கு எந்தக் காப்பும் இல்லை. பெயின்ட் ஒரே தடவையில் படிந்தது. சரியான பிரேக் ஆயில் ஊற்றி, ஊருக்கு வெளியே ஓட்டிப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய மெக்கானிக், இனி தன் சோலி ஒன்றும் இல்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை என் வீட்டுக்காரர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. சேரில் உட்கார்ந்தார். சட்டைக்குள் கை போனது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். இடது பக்கத்துப் பின் கதவைத் திறந்து சாத்தினேன். அது அழகாக, ஒரு பீரோக் கதவு மாதிரி, கச்சிதமாக மூடியது. மறுபடி திறந்து, மறுபடி சாத்தினேன்.

“ஏனுங்க, இந்தக் கதவு சாத்தற சத்தம் செரியில்லீங்களே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கதவைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் அது தெரிந்தது.

“ஆமா அம்மிணி, செரியில்லதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, கதவைக் கழற்ற ஆரம்பித்தார்.